கம்சிகாவுக்கு விழுந்த அடி

நெடுந்தீவில் காற்றுக் கிளம்பினால் முதலில் படகு நிற்கும். அடுத்ததாகப் பள்ளிக்கூடம் தடுமாறும். அன்றைக்கும் அக்கரையில் குறிகட்டுவான் இறங்குதுறையில் படகு எடுக்கவில்லை. இரண்டாம் தர வகுப்பாசிரியை நிருஜா அக்கரையில், புளியங்கூடலில் தன் வீட்டிலேயே நின்றுவிட்டார். முதலாம் தர ஆசிரியையும் வரவில்லை. அவருக்கு உதவியாக வகுப்பில் நிற்கும் ஜெனீற்றாவின் தலையில் முதலாம் தரத்துப் பிள்ளைகளும் சேர்ந்து விழுந்தார்கள்.

ஜெனீற்றா அந்தத் தீவுப் பெண்தான். தகப்பனுக்குக் கடற்றொழில். ஆசிரியப் படிப்புக்காக வார இறுதியில் யாழ்ப்பாணம் போய்வந்தபடியே, மற்ற நாட்களில் சம்பளமில்லாமல் இந்த வகுப்பில் நின்றாள். பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்று சோதனையில் பக்கம் பக்கமாக எழுதியவள், எழுதியதை நம்பியவள். எழுத்துக்கூட்டத் தடுமாறும் கம்சிகா அவளோடு ஒட்டிக்கொண்டு இருந்து, அவள் விரலைப் பிடித்துத்தான் வாசிப்பாள்.

மதியத்துக்கு முன்னமே வகுப்பு சந்தையாகிவிட்டது. கம்சிகா மேசையில் ஏறி யன்னலில் தொங்கினாள். இறக்கிவிட்டால் திரும்பவும் ஏறினாள். கடைசியில் மேசை சரிந்தது. கீழே இருந்த சின்னவன் டிலோனின் தலைக்கு ஒரு சாண் தள்ளி அதன் விளிம்பு நிலத்தில் இடித்தது. ஜெனீற்றாவின் கை கோடு கீறும் அடிமட்டத்தை எப்போது எடுத்ததோ தெரியாது. கம்சிகாவின் உள்ளங்கையில் ஒன்று போட்டாள். பிறகு இன்னொன்று. இரண்டாவது தேவையில்லாதது என்று அடிக்கும்போதே அவளுக்குத் தெரிந்தது.

வகுப்பு ஒரேயடியாக அடங்கியது. அந்த அமைதி அவளுக்கு இதமாக இருந்தது. வீட்டுக்குப் போய்ச் சோற்றுக்கு முன்னால் இருந்தபோது அந்த இதம் நினைவுக்கு வந்தது. கோப்பையைத் தள்ளி வைத்தாள்.

மறுநாள் காற்றுத் தணிந்தது. பள்ளிக்கூடப் படலையடியில் கம்சிகாவின் தாய் அனோஜினி பிள்ளையைப் பிடித்தபடி நின்றாள். திட்டத்தான் போகிறாள், திட்டட்டும் என்று ஜெனீற்றா கிட்டப் போனாள்.

"ரீச்சர், நேற்று இவளுக்கு அடிச்சனீங்களாம்."

"ஓம் அக்கா. நான் செய்தது..."

"நல்ல வேலை செய்தனீங்கள். வீட்டில என்ர சொல்லுக் கேக்கிறாளில்லை. கண்ணை மூக்கை விட்டிட்டு அடியுங்கோ, நான் ஒண்டும் கேக்கமாட்டன்."

ஜெனீற்றா பிள்ளையைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனாள். வகுப்பில் பிள்ளைக்குப் பக்கத்தில் போய் இருந்தாள். கம்சிகா இரண்டு கையையும் மேசைக்குக் கீழே ஒளித்துக்கொண்டாள்.

"கம்சி, ரீச்சர் அடிச்சது பிழை. என்னோட கோவமே?"

"நான் இனிக் குழப்படி செய்யமாட்டன் ரீச்சர்." பிள்ளை கைகளை இன்னும் உள்ளே இழுத்தாள். மன்னிப்புக் கேட்டதே இன்னொரு அடிக்கு முன்னறிவித்தல் என்று நினைத்துவிட்டாளாக்கும்.

இடைவேளையில் ஜெனீற்றா நிருஜாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். நிருஜா சோற்றுப் பெட்டியை மூடிவிட்டு அன்பாகவே சிரித்தார்.

"முதல் அடி அப்பிடித்தான் உறுத்தும். பிறகு பழகிடும். நானும் உம்மைப்போலத்தான் வந்தனான்."

அந்த அன்பில் ஜெனீற்றாவுக்கு உடம்பு கூசியது.

சில கிழமை கழித்து கம்சிகா ஒரு பாடத்தைத் தடக்கில்லாமல் வாசித்து முடித்தாள். விரல் பிடிக்கவில்லை; மூச்சும் எடுக்கவில்லை. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

"பாத்தீரே, அடி வேலை செய்திருக்கு," என்றார் நிருஜா.

"இல்லை ரீச்சர். பிள்ளை பயத்தில வாசிக்குது. நான் அடிச்சது பிழை." வகுப்பு முழுவதும் கேட்கத்தான் சொன்னாள்.

நிருஜாவின் முகம் கறுத்தது. வெளியே கூப்பிட்டு, "பிள்ளையளுக்கு முன்னால என்னை இப்பிடிக் கேவலப்படுத்தினா உம்மை வகுப்பில வைச்சிருக்க ஏலாது," என்றார். அடுத்த நாளே அதிபர் ஜெனீற்றாவை நூலகத்தில் புத்தகம் அடுக்க விட்டார்.

சொன்னதற்காக அவள் வருந்தவில்லை. ஆனால் அந்த வகுப்பில் இனி யார் பிள்ளைக்குப் பக்கத்தில் இருப்பார்கள் என்ற கேள்வி அவளை விடவில்லை. ஒருநாள் கம்சிகா நூலக வாசலில் வந்து நின்றாள். ஜெனீற்றா படப் புத்தகமொன்றை மேசையில் விரித்துவைத்துவிட்டுத் தள்ளி இருந்தாள். பிள்ளை உள்ளே வரவும் இல்லை; மணி அடிக்கும்வரை போகவும் இல்லை.