சன்னலைச் சாத்துங்கடி

நிபாலுக்கு அந்தக் கிறுக்கைத் தொற்ற வைத்தவன், மருந்துக்கடையில் அவளோடு வேலை பார்க்கும் சுஹைர். மதிய ஓய்வில் போனைக் கையில் பிடித்துக்கொண்டு அம்மான் நகரத்துக் குன்றுகளின் படிக்கட்டுகளில் ஏறி இறங்குவான். திரும்பி வந்து, வழியில் அகப்பட்ட வைஃபை பெயர்களை வாசித்துக் காட்டிச் சிரிப்பான்.

"ஏன்டா, அடுத்தவன் நெட்டைத் திருடுறதுக்குப் பேரு பொழுதுபோக்கா?"

"ஐயோ அக்கா, நான் யார் வீட்டுக்குள்ளயும் நுழையறதில்ல. வாசல்ல இருக்கற பேரைப் படிச்சிட்டுப் போறேன், அவ்வளவுதான். இந்தச் செயலியைத் திறந்து வச்சுட்டு நடந்தா போதும். எந்தப் பேரு எங்க அகப்பட்டுச்சோ அங்க ஒரு புள்ளி வைக்கும். இதைப் பாருங்க, 'மேல்வீட்டு ஓசிக்காரனுக்கு இல்லை'யாம்!"

நிபால் சிரிக்கவில்லை. "வீடு மாறினா பேரு மாறிடுமா?"

"பெட்டியைக் கையோட எடுத்துட்டுப் போனா பேரும் கூடவே போகும். நாமளா மாத்தினாத்தான் உண்டு."

அன்று மாலையே அவள் நடக்கத் தொடங்கிவிட்டாள்.

தங்கை தஹானி வீட்டை விட்டுப் போய் இரண்டு வருடம். அம்மாவின் துக்கத்துக்கு வந்த கூட்டத்தில் கசப்புக் காப்பி கை மாறிக்கொண்டிருந்தபோது, "அம்மா மூச்சு அடங்கறப்போ இவ போன்ல அரட்டை அடிச்சுக்கிட்டிருந்தா" என்று நிபால் எல்லார் முன்னாலும் போட்டு உடைத்தாள். தஹானி கூப்பிட்டுக்கொண்டிருந்தது டாக்டரை. அது தெரிவதற்குள் அவள் துணிப்பையோடு வைஃபை பெட்டியையும் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள். போன் நம்பரையும் மாற்றிவிட்டாள். உறவுக்காரர்களிடம் முகவரி கேட்கலாம்தான். கேட்டால் ஊரெல்லாம் தமுக்கடித்துவிடுவார்கள்.

அந்தப் பெட்டிக்குப் பெயர் 'சன்னலைச் சாத்துங்கடி'. புழுதிக்காற்று கிளம்பினால் அம்மா போடும் கூச்சல் அது. தஹானி வேடிக்கைக்காக வைத்தாள். வேறு எவளும் அப்படி வைக்கமாட்டாள்.

வாரக்கணக்கில் ஒன்றும் இல்லை. பிறகு ஒருநாள் வெய்ப்தே குன்றின் படிக்கட்டு ஒன்றில் அந்தப் பெயர் மங்கலாகத் தெரிந்து மறைந்தது. அந்தக் குன்றின் சந்துபொந்தெல்லாம் சல்லடை போட்டுத் தேடினாள். மறுபடி அகப்படவேயில்லை.

"அக்கா, அங்க எல்லாம் கல்லு வீடு, சுவரைத் தாண்டி வராது," என்றான் சுஹைர். "நடுவுல பள்ளம் திறந்து கிடக்குல்ல? எதிர்க் குன்றுலேர்ந்து வந்திருக்கும்."

எதிர்க் குன்றுக்கு ஏறும்போதுதான் யோசித்தாள். வீட்டைக் கண்டுபிடித்து என்ன செய்வது? வராதே என்று போனவளை மோப்பம் பிடித்து வருவது மட்டும் நியாயமா? பெட்டியைக் கொண்டுபோனவள் கடவுச்சொல்லை மாற்றாமலா இருப்பாள்? மாற்றியிருந்தால் அதுதான் பதில், பேசாமல் திரும்பிவிட வேண்டும் என்று முடிவு செய்துகொண்டாள்.

தெருவின் இரண்டு ஓரமும் நடந்து பார்த்தாள். ரொட்டிக்கடையைத் தாண்டியதும் பெயர் வலுத்தது. ஒரு மூன்று மாடி வீட்டின் கீழே நின்றபோது, அவள் எதையும் தொடாமலே, கையிலிருந்த அவளுடைய பழைய போன் தானாகப் போய் அந்த வைஃபையில் ஒட்டிக்கொண்டது. கடவுச்சொல் மாறவில்லை.

கதவைத் தட்டத் துணிவில்லாமல் அங்கேயே நின்றாள். போனில் இரண்டு வருடமாகத் தேங்கிக் கிடந்த அப்டேட் குப்பையெல்லாம் தன்பாட்டில் இறங்கத் தொடங்கியது.

"யாரு அது என் நெட்டைத் திங்கறது?"

மேலே மாடத்திலிருந்து குரல். வீட்டில் இருந்த காலத்திலும் தஹானி இப்படித்தான். நெட் கொஞ்சம் மந்தமானால் போதும், யார் யார் போன் சேர்ந்திருக்கிறது என்று பட்டியலைப் பார்த்துவிட்டுக் கத்துவாள். இன்றும் பார்த்திருக்கிறாள். அதில் அக்காவின் பெயர் இருந்திருக்கிறது. கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி குனிந்து தெருவைத் தேடினாள், முகமெல்லாம் கண்ணீர்.

"ஏய் நிபால்! மேல ஏறி வர்றியா, இல்ல அங்கயே நின்னு ஓசியில திங்கப் போறியா?"

"நான் அன்னிக்குச் சொன்னது தப்புடி!" தெரு என்றும் பாராமல் நிபால் கத்தினாள். "நீ டாக்டருக்குத்தான் போன் பண்ணினேன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது!"

எதிர்வீட்டில் இரண்டு தலைகள் எட்டிப் பார்த்தன.

"எல்லார் முன்னாலயும் சொல்லிட்டேல்ல, போதும்," என்றாள் தஹானி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "வா. நான் போய்ச் சன்னலைச் சாத்தறேன்."