வார்த்தையில்லாத இடம்

வெர்னா ஒலிபெருக்கியின் வயரைப் பிடுங்கி எறிந்தாள். பாட்டு பாதியில் அறுந்தது.

செத்துப்போன அவள் தம்பி, ட்ராம்போன் என்கிற பித்தளைக் குழல் ஊதிய லின்வலுக்கு வீட்டுக்குப் பின்னால் கல்லறை கட்டிக்கொண்டிருந்த ஐந்து பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நாளை அடக்கம். ஊர் ஆண்கள் கூலியில்லாமல் கட்டித் தருவதும், முடியும்வரை ஆட்டுக்கறியும் ரம்மும் பாட்டும் ஓடுவதும் வழக்கம். அதற்காக, ஆணோடு வாழும் ஆணைச் சுட்டுத் தள்ளு என்கிற பாட்டா?

"ஊரே ஆடுற பாட்டுதானேக்கா," என்றான் அவர்களில் ஒருவனான பர்ச்செல், வாயில் சிரிப்போடு.

"யாருக்குக் கட்டுறன்னு தெரிஞ்சுதானேடா போட்ட?"

"செத்தவனை விடு. கேட்டுக்கு வெளிய நிக்கிறானே, அவன் உள்ள வந்தா நாங்க கிளம்பிருவோம். சட்டமே ஒத்துக்காத உறவு."

சட்டம்! கடலுக்கு அப்பாலிருந்த ஒரு ராணியின் ஆட்கள் எழுதியது. கொடியை இறக்கி மூட்டை கட்டியவர்கள் அதை மட்டும் விட்டுப் போனார்கள். இவர்கள் அதைப் பாட்டன் சொத்து மாதிரி காக்கிறார்கள். வெளியே நின்ற எவரால்ட், தலைநகர் கிங்ஸ்டனில் லின்வலோடு இருபத்திரண்டு வருஷம் குடித்தனம் நடத்தியவன். கடைசி மூன்று மாதம் படுக்கையில் கிடந்தவனுக்கு மலம் அள்ளியவன். அவன் பெயரில்லாமல்தான் வெர்னாவும் அடக்க அழைப்பை அச்சடித்திருந்தாள். அதை நினைக்கத் தன் மேலேயே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது.

கேட்டை அகலத் திறந்தாள். "எவரால்ட், உள்ள வா."

கொத்துக் கரண்டிகள் கீழே விழுந்தன.

"நாளைக்குப் பொணத்தை எங்க வெப்ப?" என்றான் பர்ச்செல்.

"உன் வீட்டுத் திண்ணையில இல்ல, போடா! தின்ன தட்டைக் கழுவி வெச்சிட்டுப் போங்க!"

போய்விட்டார்கள். குழைத்த சிமென்ட் வெயிலில் இறுக ஆரம்பித்தது. எவரால்ட் வயரை எடுத்து மறுபடி சொருகினான். அதே பாட்டு.

"உனக்கென்ன பைத்தியமா?"

"இரு... இதோ." வார்த்தைகள் ஓய்ந்த இடத்தில் ஒரு ட்ராம்போன் எழும்பியது. "லின்வல் ஊதினது. பதிவு பண்ணின அன்னைக்கு வெறும் தாளந்தான் இருந்துச்சு. நான்தான் டிரம்ஸ். வார்த்தையை அப்புறமா எவனோ ஏத்தினான். முதல்தடவை ரேடியோல கேட்டப்ப லின்வல் எந்திரிச்சுப் போய் வாயைக் கழுவிட்டு வந்தான்."

வெர்னா ஒலிபெருக்கியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

எவரால்ட் சட்டையைக் கழற்றிவிட்டுக் கரண்டியை எடுத்தான். பாட்டுக்காரன் கத்தத் தொடங்கியதும் அவள் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்தாள். அவன் முதுகைக் காட்டிக் குனிந்து கல் அடுக்கினான். உதடு தாளத்தை எண்ணிக்கொண்டிருந்தது. வார்த்தைகள் ஓயும் இடத்தில் கரண்டியை உயர்த்தினான்.

அவள் சத்தக் குமிழை முழுதாகத் திருகினாள்.