நாலு மஞ்சள் குளிசை

கல்முனைக் கடைத்தெருவில் இருபது வருடமாகப் புடவைக்கடை வைத்திருக்கிறேன். எது எந்தத் தட்டில் இருக்க வேண்டும் என்று எனக்கு ஒருவரும் சொல்லத் தேவையில்லை. அந்தத் திமிர்தான் எல்லாவற்றுக்கும் காரணம்.

என் மனைவி றுஸ்தாவுக்கு முடக்குவாதம். விரல், மணிக்கட்டு, முழங்கால் என்று மூட்டெல்லாம் வீங்கும். காலையில் கையைச் சுடுதண்ணீரில் ஊறவைக்காமல் ஒரு பொத்தான்கூடப் பூட்ட மாட்டாள். மகள் ஷாஹினாதான் மருந்து கொடுத்து வந்தாள். அவள் ஒலுவில் கம்பஸ் விடுதிக்குப் போனதும் பொறுப்பு எனக்கு வந்தது.

கிளினிக்கில் மூன்று மாதக் குளிசைகளைக் கடுதாசிப் பைகளில் போட்டு, எப்படிப் போடுவதென்று எழுதித் தருவார்கள். நோன்பு வந்தால் எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் மருந்து நேரம் மாறும். பாதி விடியுமுன் ஸஹர் சாப்பாட்டோடு, பாதி பொழுதுபட்டு நோன்பு துறந்த பிறகு. தலைநோன்புக்கு முதல் நாள் நான் பைகளைக் கிழித்து எல்லாவற்றையும் போத்தல்களில் கொட்டினேன்.

"வாப்பா, எழுதியிருக்கிறத வடிவாப் பாருங்க" என்றாள் ஷாஹினா போனில்.

"ஆயிரம் சாமானுக்கு விலை பாடமா வெச்சிரிக்கன். இது பெரிய விசயமா?" என்று போனை வைத்தேன்.

மஞ்சள் குளிசைப் பையில் 4 என்று கொட்டை எழுத்தில் இருந்தது. கீழே பொடியாக இருந்த வரியை நான் வாசிக்கவில்லை. ஒவ்வொரு ஸஹருக்கும் றுஸ்தா என்ன குளிசை என்று கேட்காமலே வாயைத் திறப்பாள், நான் நாலு குளிசையைப் போடுவேன்.

ஆறாம் நோன்பில் வாயெல்லாம் புண். "நோன்புச் சூடு" என்றாள். நோன்பு துறக்கச் செவ்விளநீர் வாங்கிக் கொடுத்தேன். ஒன்பதாம் நோன்பில் கஞ்சி இறங்கவில்லை, கையில் அங்கங்கே நீலமாகக் கன்றியிருந்தது. ஆனால் மூட்டு வீக்கம் வற்றிவிட்டது. "நோவு குறஞ்சிரிக்கி மச்சான், உங்கட கைராசி" என்றாள். எனக்குப் பெருமையில் தலைகால் தெரியவில்லை.

பன்னிரண்டாம் நோன்போடு மஞ்சள் போத்தல் காலி. மத்தியானம் ளுஹர் தொழுதுவிட்டுக் கிளினிக் கொப்பியோடு பாமசிக்குப் போனேன். அங்கே வேலை செய்கிற சுலக்சன் கொப்பியைப் புரட்டினான்.

"நளீம் நானா, இது மூணு மாசத்துக்குக் குடுத்ததெல்லோ?"

"முடிஞ்சி போச்சி. ஒரு நாளைக்கு நாலெல்லோ போகுது."

அவன் முகம் மாறியது. "நானா, இது கிழமைக்கு ஒருக்காப் போடுறது. வெள்ளிக்கிழமை மட்டும். எத்தின நாளாக் குடுக்கிறீங்க?"

"பன்னெண்டு."

அவன் என்னைத் திட்டவில்லை. வெளியே ஓடிவந்து என் மோட்டார் சைக்கிளைத் தானே ரோட்டுப் பக்கம் திருப்பி வைத்தான். "நோன்ப விடச் சொல்லுங்க. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க."

வீட்டில் அவள் காய்ச்சலில் சுருண்டு கிடந்தாள். ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். யா அல்லாஹ் என்பதற்கு மேல் ஒரு துஆவும் வாயில் வரவில்லை.

வார்ட்டில் டொக்டர் கேட்டார். "யார் இந்தக் குளிசையக் குடுத்தது? எத்தினை நாள்?"

"நான்தான் பிழையாப் போட்டுட்டன். ரெண்டு, மூணு நாள்" என்றாள் றுஸ்தா. புண் வாயால் எனக்காகப் பொய் சொன்னாள்.

அல்லாஹ் அறிய, அந்தப் பொய்யை அப்படியே விட்டுவிடத்தான் பார்த்தேன்.

"சரியாச் சொல்லுங்க. அதப் பாத்துத்தான் மருந்து குடுக்கணும்."

"பன்னெண்டு நாள், டொக்டர். ஒரு நாளைக்கு நாலு. நான்தான் குடுத்தன்."

டொக்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். இரத்த அணுக்கள் மிகவும் இறங்கிவிட்டன, ஒரு கிழமை போகாமல் ஒன்றும் சொல்ல முடியாது என்றார். அன்று ஒரு மிடறு தண்ணீரில் நோன்பு துறந்துவிட்டு வார்ட் வாசலிலேயே இருந்தேன். இவளைக் கொன்றுவிட்டேனோ என்ற ஒன்றே மனதில் ஓடியது.

மறுநாள் பின்நேரம் நர்ஸ் மிஸ் அவசரமாக வந்து ஒரு குளிசையை என் உள்ளங்கையில் வைத்தார். "இத அவங்களுக்குக் குடுங்க."

நான் அதை றுஸ்தாவின் வாயருகே கொண்டுபோனேன். அவள் உதட்டை இறுக்கிக்கொண்டாள். கோபம் இல்லை, பயந்துபோயிருந்தாள். என் தோளுக்கு மேலால் மிஸ்ஸைப் பார்த்து, "இது சரியான குளிசையா, மிஸ்?" என்றாள்.

நான் அதை மிஸ்ஸின் கையிலேயே திருப்பி வைத்தேன். பிறகுதான் அவள் வாயைத் திறந்தாள்.