சிவப்பு விளக்கைத் தாண்டியவர்

சங்கரலிங்கம் சோற்றில் ரசத்தை விட்டுப் பிசைந்துகொண்டிருந்தபோது வாசலில் சைக்கிள் மணி கேட்டது. நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து படுத்தவர் மதியம் இரண்டு மணிக்குத்தான் எழுந்திருந்தார். மனைவி புஷ்பவல்லி எட்டிப் பார்த்துவிட்டு, "போலீஸ்காரரு வந்திருக்காங்க" என்றாள். எச்சில் கையோடு எழுந்து போனார்.

வந்தது கோர்ட் சம்மன். மார்ச் பதினான்காம் தேதி காலை பத்தரை மணிக்கு, சுரங்கத்து டம்பர் லாரிகள் போகும் பாதை மெயின் ரோட்டைக் கடக்கும் இடத்தில், சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போது அவருடைய ஸ்கூட்டர் நிற்காமல் போயிருக்கிறது. அங்கே காவலுக்கு இருந்தவர் நம்பரைக் குறித்துக் கொடுத்திருக்கிறார்.

"அந்த நேரத்துல நான் தூங்கிக்கிட்டுல்லா இருப்பேன்?" என்றார் சங்கரலிங்கம்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது சார். வண்டி உங்க பேர்ல இருக்கு. போனதும் 'ஆமா, தப்புதான்'னு ஒத்துக்குங்க. அஞ்சு நிமிஷ வேலை. எல்லாரும் அதைத்தான் செய்றாங்க." கான்ஸ்டபிள் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

மற்றவர்களுக்கு அது ஐந்து நிமிஷ வேலையாக இருக்கலாம். சங்கரலிங்கம் சுரங்கத்தில் மண் ஏற்றிச் செல்லும் டம்பரின் ஆபரேட்டர். வீட்டளவு உயரமுள்ள அந்த வண்டியைப் பதினேழு வருஷமாக ஒரு கீறல் இல்லாமல் ஓட்டியவர். லைசென்சில் ஒரு குற்றம் ஏறினால், அவருடைய செக்‌ஷனில் மறுபடி ஸ்டியரிங்கைத் தொட விடமாட்டார்கள். கையில் விளக்குமாறோ மண்வெட்டியோ கொடுத்து எங்காவது ஓரமாக உட்கார வைப்பார்கள்.

புஷ்பவல்லிதான் யோசித்துச் சொன்னாள். "அன்னைக்கு ஜெயராமன் தம்பி வந்து சாவி கேட்டாரு. மேல்பட்டாம்பாக்கம் வரைக்கும் ஒரு வேலைன்னாரு. நீங்க நல்லாத் தூங்கிட்டு இருந்தீங்க. நான்தான் எடுத்துக் கொடுத்தேன்."

கேட்டதும் சங்கரலிங்கத்துக்கு மூச்சு சீராக வந்தது. ஜெயராமன் என்றால் கவலையே இல்லை. கல்யாணத்துக்கு முன்பு இருவரும் ஒரே குவார்ட்டர்ஸில் தங்கி, ஒரே ஸ்டவ்வில் சமைத்துச் சாப்பிட்டவர்கள். சங்கரலிங்கம் திருநெல்வேலிப் பக்கம்; சுரங்கத்து ஆபீசில் வேலை பார்க்கும் ஜெயராமன் ஈரோட்டுப் பக்கம். ஜெயராமனின் மனைவி தமயந்திக்குத் தாய் இல்லை என்பதால், அவளுடைய பிரசவத்துக்கு நாற்பது நாள் பத்தியச் சமையல் செய்து போட்டவள் புஷ்பவல்லி.

ஜெயராமனும் மறைக்கவில்லை. சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஆமாங்ண்ணா, நான்தான். லைட்டு எரிஞ்சுது. ஆனா டம்பர் அந்தக் கோடியில இருந்துச்சு. இதுக்குப் போயி நிக்கோணுமான்னு விட்டுட்டேன். கோர்ட்டுல வந்து சொல்லிடறேன், நீங்க நிம்மதியாத் தூங்குங்க."

அதை நம்பித்தான் சங்கரலிங்கம் பண்ருட்டி கோர்ட்டில் முதல் நாள் நிமிர்ந்து நின்று, "நான் ஓட்டவில்லை" என்றார். மாஜிஸ்திரேட் மூக்குக் கண்ணாடியைத் தாழ்த்தி அவரைப் பார்த்தார். அன்றைக்கு வந்திருந்தவர்களில் குற்றத்தை ஒத்துக்கொள்ளாத ஒரே ஆள் அவர்தான். சாட்சியைக் கூட்டி வரும்படி தேதி கொடுத்தார்கள்.

அந்தத் தேதியில் இருவரும் ஒரே பஸ்ஸில்தான் போனார்கள். டிக்கெட் எடுத்தவர் சங்கரலிங்கம். வழியெல்லாம் ஜெயராமன் ஜன்னலுக்கு வெளியே முந்திரித் தோப்புகளைப் பார்த்துக்கொண்டு வந்தார். பேச்சுக் கொடுத்தால் 'உம்' என்றார். கோர்ட் பயம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார் சங்கரலிங்கம்.

கூண்டில் ஏறிச் சத்தியம் செய்த ஜெயராமனிடம் மாஜிஸ்திரேட் கேட்டார். "மார்ச் பதினாலு காலையில இவர் ஸ்கூட்டரை நீங்க எடுத்துக்கிட்டுப் போனீங்களா?"

"இல்லீங்க. அன்னிக்கு நான் ஆபீசுல இருந்தனுங்க. ரிஜிஸ்டர்ல கையெழுத்து இருக்குதுங்க."

சங்கரலிங்கத்துக்கு முதலில் புரியவில்லை. தன் காதில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தார். ஜெயராமன் கூண்டிலிருந்து இறங்கி, அவர் முகத்தைப் பார்க்காமல் பக்கவாட்டில் நடந்து வெளியே போனார். சங்கரலிங்கம் அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். வேறு சாட்சி உண்டா என்று கேட்டபோது, யோசிக்காமலே "உண்டுங்கய்யா" என்று சொல்லிவைத்தார். இரண்டு வாரம் கிடைத்தது.

வெளியே புளியமரத்தடியில் ஜெயராமனைப் பிடித்து நிறுத்தினார். "ஏன் ஜெயராமா?"

"கோவிச்சுக்காதீங்ண்ணா. கையெழுத்துப் போட்டுட்டு ஆபீசை விட்டு வெளிய போனேன்னு தெரிஞ்சா தொலைஞ்சேன். ப்ரமோஷன் லிஸ்ட்டுல இப்பத்தான் பேரு வந்திருக்குது. நீங்க ஒத்துக்குங்க, சின்ன அபராதந்தானே?"

"எனக்கு வண்டி போயிருமேடா."

அப்போது வந்து நின்ற பஸ்ஸில் ஜெயராமன் ஓடிப்போய் ஏறிக்கொண்டார். சங்கரலிங்கம் அடுத்த பஸ்ஸில் வந்தார். எதிரி செய்திருந்தால் திட்டித் தீர்த்திருப்பார். தன் தட்டில் சாப்பிட்டவன் செய்ததை எந்த வார்த்தையால் திட்டுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

மனைவி சாட்சி சொன்னால் கோர்ட்டில் எடுபடாது என்று நினைத்து, மறுநாள் அந்தக் கிராஸிங்குக்குப் போனார். நம்பர் குறித்த காவலாளி சிங்காரவேல் பக்கத்துக் கிராமத்துக்காரர். "நானு நம்பரத்தான் பாத்தேங்க, ஆளப் பாக்கல" என்று கையை விரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "கலியம்மாள வோணா கேளுங்க. எதிர்ல வந்துகினு இருந்தா. வண்டிக்கு ஒதுங்கப் போயி வுழுந்து, கை ஒடைஞ்சிடுச்சி. காண்ட்ராக்டு வேலைக்கு வந்த பொம்பள" என்றார்.

"சம்மன்ல அது இல்லியே?"

"எழுதச் சொல்லி யாரும் கேக்கலீங்களே."

கம்மாபுரம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருந்தது கலியம்மாளின் வீடு. சங்கரலிங்கம் போய் நின்றபோது, கலியம்மாள் வாசலில் உட்கார்ந்து ஒரே கையால் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நாற்பது வயதிருக்கும். இடது மணிக்கட்டு கோணலாகக் கூடியிருந்தது. அவர் வந்த காரணத்தைச் சொல்லி முடிக்கும்வரை அவள் நிமிரவே இல்லை.

"வுழுந்து ரெண்டு மாசம் ஆவுது. காண்ட்ராக்டு வேலையும் பூட்ச்சி. இத்தினி நாளா எட்டிப் பாக்க ஒருத்தருமில்ல. இப்ப ஒங்களுக்குக் காரியம் ஆவணும்னதும் தேடிகினு வர்றீங்களா?"

சங்கரலிங்கத்துக்குச் சுருக்கென்றது. சம்மன் வந்த நாள் முதல் தன் லைசென்சைப் பற்றியும், பின்பு தன் நட்பைப் பற்றியும்தான் அவர் வருந்தியிருந்தார். சிவப்பு விளக்கு எரிந்தபோது எதிரே யார் நடந்து வந்தார்கள் என்று ஒரு தடவைகூட அவருக்குக் கேட்கத் தோன்றவில்லை.

"தப்புதாம்மா. என் வண்டி யாரை இடிக்கப் போச்சுன்னு நான் விசாரிச்சிருக்கணும். நீ சாட்சி சொன்னாலும் சரி, சொல்லாட்டாலும் சரி. அந்தக் கையை ஆஸ்பத்திரியில காட்டணும். என் சம்சாரத்தைக் கூட்டிட்டு நாளைக்கு வாரேன்."

அப்போதுதான் அவள் முதன்முறையாக அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். "ஓட்டுனது நீங்க இல்ல. அந்தாளு கொஞ்சம் தள்ளிப் போயி நிறுத்தித் திரும்பிப் பாத்தாரு. நான் கெடக்கறதப் பாத்துட்டுத்தான் போனாரு. அந்த மூஞ்சி எனக்கு மறக்காது" என்றாள்.

மறுநாள் புஷ்பவல்லி அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். எலும்பு தப்பாகக் கூடிவிட்டது, இனி முழுதாக நேராகாது என்றார் டாக்டர். சங்கரலிங்கம் கோர்ட்டுக்கு மனு எழுதிப் போட்டார். அடுத்த தேதிக்குக் கலியம்மாளோடு ஜெயராமனும் வர வேண்டும் என்று உத்தரவாயிற்று.

அன்று கோர்ட்டில் கூட்டம். கலியம்மாள் கூண்டில் ஏறியதும் மாஜிஸ்திரேட் சங்கரலிங்கத்தைக் காட்டிக் கேட்டார். "வண்டி ஓட்டினது இவரா?"

"இல்லீங்க. அதோ, கடைசி பெஞ்சியில குந்திகினு இருக்காரே, கட்டம் போட்ட சட்டை, அவருதாங்க."

எல்லாத் தலைகளும் திரும்பின. ஜெயராமன் எழுந்தார், ஏதோ சொல்ல வாயெடுத்தார். கலியம்மாள் கூண்டுக் கம்பியின் மேல் வைத்திருந்த கோணல் கை அவர் கண்ணில் பட்டது. "நான்தானுங்க" என்று மெல்லச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

சங்கரலிங்கம் விடுதலையானார். ஜெயராமன் மேல் புதிதாக இரண்டு வழக்குகள்: ஆளைக் காயப்படுத்தியது ஒன்று, சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொன்னது இன்னொன்று. ப்ரமோஷன் லிஸ்ட்டிலிருந்து அவர் பெயர் அந்த மாதமே எடுக்கப்பட்டது.

வெளியே பலாப்பழ வண்டிகள் வரிசையாக நின்ற தெருவில் ஜெயராமன் பின்னாலேயே ஓடிவந்து சங்கரலிங்கத்தின் கையைப் பிடித்தார். "அண்ணா, என்னை மன்னிச்சிருங்ண்ணா. பழையபடி வீட்டுக்கு வரலாங்களா?"

சங்கரலிங்கம் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டார். இது வெறும் கோபமாக இருந்தால் நல்லது என்று அவருக்குத் தோன்றியது. கோபம் ஆறக்கூடியது. அவர் நெஞ்சில் இருந்தது ஆறுகிற வகையாகத் தெரியவில்லை.

"என் பேரைக் காப்பாத்திக்க எனக்கு ஒரு வழி கிடைச்சிட்டுது, ஜெயராமா. மன்னிப்பை மொதல்ல அந்தம்மாகிட்டப் போய்க் கேளு. என் வீட்டுக் கதவைப் பத்தி அப்புறம் பேசலாம்."

ஜெயராமன் கலியம்மாளின் முன்னால் போய் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவளே பேசினாள்.

"சார், நீங்க படிச்சவரு. அந்த வெளக்க போலீசுக்குப் பயந்து நிக்கறதுக்குன்னு வச்சிருக்காங்கன்னு நெனச்சிட்டீங்க. அது எதிர்ல வர்ற எங்களுக்காக வச்சது. நின்னிருந்தீங்கன்னா என் கை நல்லா இருந்திருக்கும். வுழுந்தப்பவே திரும்பி வந்து 'நான்தாம்மா'ன்னு தூக்கி வுட்டிருந்தீங்கன்னா, இவுரு உங்கள விட்டுப் போயிருக்க மாட்டாரு. செஞ்ச தப்ப ஒத்துக்காத மனுசன் அத இன்னொருத்தர் தலையிலதான் எறக்கி வைப்பான். இத மட்டும் உங்க புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுங்க."

சொல்லிவிட்டு, புடவைத் தலைப்பால் கையை மூடிக்கொண்டு, கம்மாபுரம் போகும் பஸ்ஸைத் தேடி நடந்தாள். சங்கரலிங்கமும் அவளை ஏற்றிவிடுவதற்காகக் கூடவே போனார். ஜெயராமன் தெருவில் தனியாக நின்றார். திரும்பிப் பார்க்க வேண்டும் போலிருந்தும் சங்கரலிங்கம் பார்க்கவில்லை.