ஆடிட்டருக்குப் பத்தியச் சாப்பாடு

பொத்தான் தொழிற்சாலை கேன்டீனில் முப்பது வருஷமாக நானூறு பேருக்குச் சமைத்துப் போட்ட மாஸ்டருக்கு, சொந்த வீட்டு அடுப்பை எந்தப் பக்கம் திருகினால் பற்றும் என்பது தெரியாது. கல்யாணமான மறுவாரமே அவர் மனைவி சமையலறை வாசலில் குறுக்கே கையை நீட்டி, "வெளியில சமைக்கிறது போதும், வீட்டுல கால் நீட்டி உக்காருங்க" என்று சொல்லிவிட்டாள். கேட்பவர்களுக்கு அது கரிசனம் போலத்தான் இருக்கும். மாஸ்டருக்கு மட்டும் அது தொண்டையில் சிக்கிய மீன்முள். ஊரே சப்புக்கொட்டும் கைக்கு வீட்டில் வேலை இல்லையா? கேட்டு, பதில் வேறு ஏதாவது வந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்காமலே இருந்தார்.

அந்தக் கையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வலது கை. ஏப்ரன் பையில் எப்போதும் ஒரு டப்பா இருக்கும். அதில் உப்பு, மிளகு, காயவைத்து இடித்த பூண்டு இன்னும் என்னென்னவோ சேர்ந்த அவருடைய சொந்தப் பொடி. கேன்டீனுக்கு வெள்ளையடிக்க ஆட்கள் வந்த அன்று மாஸ்டர் சுண்ணாம்பு வாளியைச் சும்மா கடந்து போனார், அவ்வளவுதான். அந்தச் சுவரை எறும்புகள் இன்றுவரை விடவில்லை. நம்பாதவர்கள் போய் நக்கிப் பார்க்கலாம், சிலர் பார்த்திருக்கிறார்கள். பழைய மேனேஜரின் வழியனுப்பு விழாவில் அவர் கையை மாஸ்டர் குலுக்கியதற்கு, மேனேஜர் வீட்டு நாய் மறுநாள் மத்தியானம் வரை அந்தக் கையை விடவில்லையாம். அடுப்புக்கு மேலே "உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்று பலகையில் எழுதித் தொங்கவிட்டிருந்தார். அவருக்குத் தெரிந்த ஒரே வேதம் அது.

ஆடிட்டர் என்பது வீட்டுப் பூனை. ஒரு மழை நாளில் அழைப்பில்லாமல் வந்தது. ஒவ்வொரு பாத்திரமாக முகர்ந்து பார்த்தது. எதையும் தொடாமல், எல்லாவற்றிலும் ஏதோ தப்பு கண்டுபிடித்த முகத்தோடு நாற்காலியில் ஏறி உட்கார்ந்துகொண்டது. பெயர் அப்போதே ஒட்டிக்கொண்டது. அதற்கு எல்லாம் பெரிய மனுஷத்தனம், வயிறு மட்டும் கண்ணாடி. எதிர்வீட்டில் மீன் வறுத்தால் இங்கே இதற்கு வயிறு கலங்கும். காலண்டரில் பால் டம்ளர் படம் வந்த மாதம் முழுக்க அந்தச் சுவர்ப் பக்கமே அது போகவில்லை. மனைவிதான் கடை கடையாக அலைந்து, என்னென்னவோ வாங்கிப் போட்டு, கடைசியில் சாம்பல் நிறத்தில் ஒரு பிஸ்கட்டைக் கண்டுபிடித்தாள். அதைத் தின்றால் ஆடிட்டருக்கு வயிறு இருப்பதே யாருக்கும் தெரியாது.

மகளுக்குப் பிரசவம் என்று மனைவி கிளம்பியபோது ஒரு மூட்டை பிஸ்கட் வாங்கி வைத்துவிட்டுத்தான் போனாள். "வேற எதையும் குடுத்துடாதீங்க. எனக்கு அது இன்னொரு புள்ள மாதிரி" என்று பேருந்து ஜன்னல் வழியாகச் சொன்னாள். பிள்ளையோ வயிற்றுக்குள் வசதியாக இருந்ததால் வெளியே வர அவசரப்படவில்லை. பிறந்த பிறகு அம்மாவை அனுப்ப மகள் அவசரப்படவில்லை. இங்கே மூட்டை காலியாகிவிட்டது.

மாஸ்டர் கடைக்குப் போனார். கல்லாவில் இருந்த பெண், "அது வர்றது நின்னுடுச்சு சார்" என்றாள். "வயிறு சரியில்லாத பூனைங்களுக்குன்னே இதெல்லாம் இருக்கு. இது கோழி, இது வாத்து, இது வான்கோழி."

"சாம்பிள் இருக்காம்மா?"

"பூனையைக் கூட்டிட்டு வந்திருக்கீங்களா?"

"பூனைக்கு இல்ல. எனக்கு."

அவர் சிரிப்பார் என்று அந்தப் பெண் காத்திருந்தாள். அவர் சிரிக்கவில்லை. தன் நாக்கில் படாத எதையும் அவர் யாருக்கும் பரிமாறியதில்லை. அவள் தயங்கித் தயங்கி ஒரு டப்பாவைத் திறந்தாள். மாஸ்டர் விரலால் தொட்டு வாயில் வைத்துக் கண்ணை மூடினார். பின்னால் வரிசையில் நின்ற அம்மாள் ஒருத்தி தன் நாயை இழுத்துக்கொண்டு நாலடி தள்ளி நின்றாள்.

"இது வாத்து இல்லம்மா. வாத்து நடந்து போன பாதை."

"அப்ப கோழி பாக்குறீங்களா சார்?"

"கோழி பரவாயில்ல. ஆனா ஏதோ ஒண்ணு குறையுது."

"பூனைக்கு அதெல்லாம் தெரியாது சார்."

"எங்க ஆடிட்டருக்கு எல்லாம் தெரியும்" என்று கோழியையே வாங்கிக்கொண்டு வந்தார்.

வீட்டில் டப்பாவைத் திறந்து, தட்டில் போட்டு, நன்றாகப் பிசைந்து வைத்தார். ஆடிட்டர் ஆசையாகத் தின்றது. கொஞ்ச நேரத்தில் தின்றதையெல்லாம் அவருடைய செருப்பில் திருப்பிக் கொடுத்துவிட்டது. சரி, கோழி ஒத்துக்கொள்ளவில்லை என்று வான்கோழி வாங்கினார். அது இன்னொரு செருப்பில் வந்தது. நாலைந்து நாளில் ஆடிட்டரின் விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட ஆரம்பித்தது. குறை கண்டுபிடிக்கிற முகம் போய், யாரிடமோ தப்புச் செய்துவிட்ட முகம் வந்துவிட்டது. அதைத்தான் மாஸ்டரால் பார்க்க முடியவில்லை. ரொட்டிக் கூடையில் துணி விரித்துப் படுக்கவைத்து மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினார்.

"சாப்பாட்டைத் திடீர்னு மாத்தினா இந்த மாதிரி வயிறு தாங்காதுங்க ஐயா" என்றாள் டாக்டரம்மா. ஊசி போட்டாள். "டப்பா எல்லாம் நிறுத்துங்க. கோழி நெஞ்சுக்கறி, தோலும் எலும்பும் இல்லாம, வெறும் தண்ணியில வேகவைச்சுக் கொஞ்சம் கொஞ்சமா குடுங்க. உப்பு வேணாம். வெங்காயம், பூண்டு பக்கத்துலயே வரக்கூடாது. நமக்கு மருந்து, பூனைக்கு அது விஷம்."

மாஸ்டருக்கு உள்ளூர ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. முப்பது வருஷத்துக்குப் பிறகு சொந்த வீட்டில் சமைக்கப் போகிறார்! "நானூறு பேருக்குச் சமைக்கிறவன் டாக்டரம்மா. இந்த ஒரு வாய்க்கு முடியாதா?"

அடுப்பை மூன்று பக்கமும் திருகிப் பார்த்துப் பற்றவைத்தார். கோழியை வாங்கினார், கழுவினார், வேகவைத்தார், பஞ்சுபோலப் பிய்த்து வைத்தார். ஆடிட்டர் தின்றது. கக்கியது. மறுபடி செய்தார். மறுபடி கக்கியது. மறுபடி கூடை, மறுபடி டாக்டரம்மா.

"வேற ஏதாவது சேர்த்தீங்களா ஐயா?"

"என் பொண்ணு மேல சத்தியமா ஒண்ணும் சேர்க்கலம்மா."

அவர் பொய் சொல்லவில்லை. சத்தியம் செய்த முகத்தைப் பார்த்து டாக்டரம்மாவும் நம்பினாள். அதனால்தான் அவள் முகம் சுருங்கியது. "அப்ப சாப்பாட்டுல இல்ல, உள்ளுக்குள்ள வேற ஏதோ இருக்கு. இன்னிக்கு ராத்திரி சாப்பாடும் நிக்கலைன்னா காலையில கொண்டுவந்து சேர்த்துடுங்க. இதுக்கு மேல இளைக்க இதுகிட்ட உடம்பு இல்ல."

திரும்பி வரும்போது கூடையில் பூனை இருக்கிறதா என்று மாஸ்டர் இரண்டு தடவை திறந்து பார்த்தார். அவ்வளவு லேசாக இருந்தது.

சாயங்காலம் மனைவி வீடியோவில் கூப்பிட்டாள். இத்தனை நாளும் அவர் ஆடிட்டரைத் துண்டில் சுற்றி, உள்ளே சுருட்டிய காலுறைகளைத் திணித்து, மடியில் வைத்துத்தான் காட்டிக்கொண்டிருந்தார். இன்றும் அப்படித்தான்.

"நல்லா சாப்பிடுதா?"

"சாப்பிடுதும்மா. பாரு, எப்படிக் கொழுத்துக் கெடக்குதுன்னு."

"ஏங்க."

"ம்?"

"பூனைக்கு வயித்துலருந்து நீலக் கலர் சாக்ஸ் தொங்குது."

மாஸ்டர் குனிந்து பார்த்தார். தொங்கிக்கொண்டுதான் இருந்தது. அதை உள்ளே தள்ளப் பார்த்தார். பிறகு தள்ளவில்லை. துண்டைப் பிரித்துக் காட்டிவிட்டார். "செத்துடும் போல இருக்கும்மா" என்றார். "நீ நம்பிக் குடுத்துட்டுப் போன. என்னதான் பார்த்துப் பார்த்துச் செஞ்சாலும் என் சாப்பாட்டை இது வாங்க மாட்டேங்குது."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் போல இருந்தது. "அழாதீங்க. போனை அந்த டீத்தூள் டப்பாமேல சாய்ச்சு வைங்க. நீங்க எப்படிச் செய்றீங்கன்னு நான் பாக்கணும்."

மாஸ்டர் ஏப்ரனைக் கட்டினார். தண்ணீர் வைத்தார். கறியைப் போட்டார். நுரை எடுத்தார். வெந்ததும் இறக்கி, தட்டில் பிய்த்துப் போட்டார்.

"நில்லுங்க."

"என்ன?"

"இப்ப உங்க வலது கை எங்க போயிட்டு வந்துச்சு?"

"எங்கயும் போகலையே."

"பைக்குள்ள போச்சு. தட்டுமேல வந்துச்சு. விரலை உதறிட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி இடுப்புல போய் உக்காந்துக்கிச்சு."

மாஸ்டர் தன் கையைப் பார்த்தார். கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் பொடி ஒட்டியிருந்தது. முகர்ந்தார். பூண்டு. கூடவே குடியிருந்து, கூடவே சாப்பிட்டு, கூடவே படுத்து எழுந்தவன் திருடன் என்று தெரிந்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

"சத்தியமா நான் போடலம்மா."

"தெரியும். நீங்க போடல. அது போட்டுச்சு."

கறியைக் கொட்டிவிட்டு மறுபடி தண்ணீர் வைத்தார். பொடி டப்பாவைத் தூக்கிப் பரண்மேல் போட்டார். ஏப்ரனைக் கழற்றினார். கையைச் சோப்புப் போட்டு முழங்கைவரை தேய்த்தார். அப்படியும் கறி வேகும் வாசனை வந்தவுடன் கை இடுப்பில் இல்லாத பையைத் தேடியது. கிடைக்காமல், அலமாரியில் இருந்த உப்பு ஜாடி வரைக்கும் போய்விட்டது. "புடிங்க, புடிங்க!" என்று மனைவி போனுக்குள்ளிருந்து கத்தினாள். இடது கையால் வலது கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வர வேண்டியதாயிற்று.

"எலிங்க பூனைக்கு மணி கட்ட முடியாம முழிச்சுதுங்களாம்" என்றாள் மனைவி. "நீங்க உங்க கையைக் கட்டுங்க, போதும்."

துண்டால் வலது கையை நெஞ்சோடு சேர்த்து, முடிச்சைப் பல்லால் இழுத்துக் கட்டிக்கொண்டார். இடது கையால் கிண்டினார், சூடு பட்டது, பாதிக் கறி தரையில் விழுந்தது. மீதியைத் தட்டில் வைத்து, பழக்கத்தை விட முடியாமல் ஒரு நாரை எடுத்து வாயில் போட்டார். வெந்த பருத்தியைத் தின்பதுபோல இருந்தது. இதைப் போய் ஒரு உயிருக்கு வைப்பதா? வாழ்நாளில் முதல்முறையாக, தனக்கே பிடிக்காத ஒன்றை, கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒரு வாடிக்கையாளர் முன் வைத்தார்.

ஆடிட்டர் தட்டை ஒரு சுற்றுச் சுற்றியது. முகர்ந்தது. கட்டுண்டு கிடந்த கையை ஒரு பார்வை பார்த்தது. பிறகு தின்றது. தட்டையும் நக்கியது.

மாஸ்டர் தரையில் அதற்கு எதிரே உட்கார்ந்தார். அந்தப் பக்கம் மனைவியும் போனை அணைக்கவில்லை. மடியில் பேரப்பிள்ளை சிணுங்குவது கேட்டது. செருப்பெல்லாம் வாசலில் காலியாகத்தான் இருந்தது. ஆடிட்டர் முகம் கழுவியது, காலை நீட்டியது, மாஸ்டரின் சமையலறையை மேலும் கீழும் பார்த்து ஏதோ தப்பு கண்டுபிடித்தது, படுத்துத் தூங்கிவிட்டது.

"நின்னுடுச்சும்மா" என்றார் மாஸ்டர்.

"ஏங்க, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லு."

"எனக்கும் வயிறு அப்படித்தான். கல்யாணமான புதுசுல ஒரு வாரம் நீங்க சமைச்சுப் போட்டீங்கல்ல? ஒவ்வொரு நாளும் ராத்திரி வயித்தப் புடிச்சுக்கிட்டுக் கொல்லையிலதான் கெடந்தேன். ஊரே கொண்டாடுற கை. அதைப் போய்க் குறை சொல்ல எனக்கு வாய் வரல."

மாஸ்டர் தொண்டையில் அந்தப் பழைய முள் இருக்கிறதா என்று எச்சில் விழுங்கிப் பார்த்தார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா என்ன பண்ணியிருப்பீங்க? கையைக் கழட்டியா வச்சிருப்பீங்க?"

அவள் திரும்பி வந்த அன்று வாசலுக்கு வந்து பெட்டியை இடது கையால் வாங்கினார். வலது கை துண்டுக்குள் நெஞ்சோடு கிடந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் எலும்பு முறிந்துவிட்டதாக நினைத்துப் பழம் கொண்டுவந்து கொடுத்திருந்தார்கள். அவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

சாப்பிட உட்காரவைத்தார். தட்டு வந்தது. முதலில் ஆடிட்டர் வந்து முகர்ந்துவிட்டு, ஆட்சேபணை இல்லை என்று நகர்ந்தது. மனைவி ஒரு வாய் எடுத்து வைத்தாள். மாஸ்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். துண்டுக்குள் கை துடித்தது.

"சப்புன்னு இருக்குங்க" என்றாள் அவள்.

அதை முழுசாகச் சாப்பிட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் வைங்க என்று தட்டை நீட்டினாள்.