லங்கூர் உத்தியோகம்

மதுராவில் யமுனைப் படித்துறைக்குப் பின்னால் உள்ள எங்கள் மனித மேன்மைக் கழகத்தை உருவாக்கியவர் ஒரு நெய் வியாபாரி. சொந்த எருமை உதைத்து இடுப்பொடிந்து ஏழு மாதம் படுக்கையில் கிடந்தபோது அவர் உயில் எழுதினார். உயிர்கள் எல்லாவற்றிலும் மனிதனே உயர்ந்தவன் என்பதை ஐயத்துக்கு இடமில்லாமல் நிறுவ வேண்டும், அதற்குத் தன் மாளிகையும் வருமானமும் பயன்பட வேண்டும் என்பது அவர் விருப்பம். எருமை அவருக்குப் பின்னும் ஆறு வருடம் இருந்தது என்பார்கள்.

அந்தக் கழகத்தில் நான் எழுத்தர். பெயர் கிர்ராஜ் பிரசாத். இயக்குநர் டாக்டர் லோகமணி சதுர்வேதி. ஆள் பெரிய உடம்பு, பெரிய குரல். சோடாபுட்டிக் கண்ணாடி இல்லாவிட்டால் எதிரே நிற்பது நானா தூணா என்று அவருக்குத் தெரியாது. பத்தொன்பது வருடமாக ஒரே புத்தகத்தை எழுதிக்கொண்டிருந்தார். மனிதனுக்கும் விலங்குக்கும் உள்ள அறுபத்து நான்கு வேற்றுமைகள். சிரிப்பது, வெட்கப்படுவது, நாளைக்கென்று கவலைப்படுவது, பேரம் பேசுவது என்று வரிசையாகப் போகும். ஒன்பதாவது வேற்றுமை, பிறர் பொருளைக் கேட்காமல் எடுக்காதிருப்பது. அந்த அத்தியாயத்தை ஒரு குரங்கு தூக்கிக்கொண்டு போய்விட்டதால் அவர் இரண்டு தடவை எழுத வேண்டி வந்தது.

மதுராவில் குரங்குகளைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது! சிவந்த முகத்துடன் கூரைக்குக் கூரை உட்கார்ந்திருக்கும். அவற்றுக்கு ஒரே பயம் லங்கூர்தான், அந்தக் கருமுகத்து நீள்வால் மந்தி. அதனால் கழகத்தின் ஊழியர் பதிவேட்டில் லங்கூருக்கு என்றே ஓர் இடம் ஒதுக்கியிருந்தோம். ராணி என்ற பெண் லங்கூர் அதில் இருந்தது. மங்கத் என்பவன் அதன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு காலையும் மாலையும் சுற்றி வருவான். ஊருக்கு வெளியே கூடாரம் போட்டிருக்கும் வித்தை காட்டுகிற சனம் அவனுடையது. பின்கட்டு எலுமிச்சை மரத்தைத் தாண்டி அவனை யாரும் விட்டதில்லை. மண் குவளையில் டீ கொடுப்போம். குடித்துவிட்டு அவனே உடைத்துப் போட வேண்டும்.

காட்டு விலங்கைக் கட்டி வைக்கக்கூடாது என்ற சட்டத்தைக் காட்டி ஒருநாள் வனத்துறை ஆட்கள் ராணியைக் கொண்டுபோனார்கள். மங்கத் வண்டியின் பின்னால் பாலம் வரைக்கும் ஓடினான். பத்து நாள் ஆளைக் காணோம். அதற்குள் குரங்குகள் அலுவலகத்துக்குள் புகுந்து நாற்காலிகளில் உட்காரத் தொடங்கிவிட்டன. பதினோராம் நாள் அவன் பின்வாசலில் வந்து நின்றான்.

"ராதே ராதே பாபுஜி. ராணி போயிட்டா. ஆனா அவ குரல் எங்கிட்ட இருக்கு."

"என்னடா உளர்ற?"

அவன் தலையைச் சாய்த்து, கன்னத்தை உப்பி, அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் போட்டான். ஊப்... ஊப்... பிறகு பல்லை நெரித்தது போல ஒரு கர்ர். எனக்கே பின்வாங்கத் தோன்றியது. கூரையில் இருந்த குரங்குகள் குட்டிகளை வாரிக்கொண்டு பறந்தன.

மாடியிலிருந்து டாக்டர் சாஹப் கத்தினார். "ராணி வந்துட்டாளா கிர்ராஜ்?"

மங்கத்தை வைத்துக்கொள்ளலாம் என்று நான்தான் அவரிடம் சொன்னேன்.

"எந்தப் பதவியில?"

"காவலாளின்னு போடலாமே சாஹப்."

"காவலாளி இடம் காலியா இல்ல. காலியா இருக்கறது லங்கூர் இடம் ஒண்ணுதான்."

"அதுல மனுஷனை எப்படிப் போடறது?"

அவர் வாயிலிருந்த வெற்றிலையை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றிக்கொண்டு யோசித்தார். "மனுஷன் ஒருநாளும் மிருகமாக முடியாது. அது என்னோட முப்பதாவது வேற்றுமை. ஆனா தத்துவம் வேற, பதிவேடு வேற. எழுதிக்கோ."

எழுதிக்கொண்டேன். லங்கூர், ஒன்று, பெயர் மங்கத்.

அதற்குப் பிறகு நடந்ததை நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை. லங்கூர் என்றால் குரங்கு போகிற இடத்துக்கெல்லாம் போக வேண்டுமல்லவா? மங்கத் மொட்டை மாடிக்குப் போனான், தாழ்வாரத்துக்குப் போனான், சலவைக்கல் பதித்த முன்ஹாலுக்குள் வெறுங்காலோடு நடந்தான். யாரும் தடுக்கவில்லை. செவ்வாய்க்கிழமை வந்தால் தெருப்பெண்கள் கடலையும் வெல்லமும் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்துக் கும்பிட்டுப் போனார்கள். அனுமன் குலமாம்.

"பாபுஜி, முப்பத்தெட்டு வருஷம் மனுஷனா இருந்தேன்," என்று ஒருநாள் வெல்லத்தைக் கடித்துக்கொண்டே சொன்னான். "சாப்பிட்டியான்னு ஒரு நாதி கேட்டதில்ல. முன்னாடியே யாராவது யோசனை சொல்லியிருக்கக் கூடாதா?"

டாக்டர் சாஹபின் மனைவி சரயூ தேவியே ஒரு தட்டில் பூரி, உருளைக்கிழங்குக் கறியோடு வந்துவிட்டார். சாஹப் மாடிப்படியில் நின்று பதறினார்.

"ஏய், என்ன பண்ற நீ? அவன் மங்கத்! நம்ம மங்கத்!"

"அப்படியா? பதிவேட்டுல நீங்க என்ன எழுதி வச்சிருக்கீங்க?"

"அது நிர்வாகம்!"

"இது பக்தி. நீங்க போய் உங்க வேலையப் பாருங்க."

மங்கத் பூரியை வாங்கிக்கொண்டு, கடமை தவறாதவனாக ஒரு முறை ஊப் என்றான். அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

ஹோலிக்குப் பத்து நாள் இருக்கும்போது புத்தகம் அச்சாகி வந்தது. வெளியீட்டு விழாவுக்கு ஆக்ராவிலிருந்து ஓய்வுபெற்ற நீதிபதி சக்சேனாவை அழைத்திருந்தோம். மரியாதைக்குரியவர்கள் எண்பது பேருக்கு மேல் வருவதாக இருந்தது. லட்டு, கச்சோரி, மேடை நிறைய சாமந்தி. காலையிலேயே டாக்டர் சாஹப் என்னைக் கூப்பிட்டார்.

"இன்னைக்கு அந்த மங்கத் வாயத் தொறக்கக் கூடாது. மனுஷனோட மகிமையைப் பத்தி நான் பேசிட்டிருக்கறப்ப பக்கத்துல ஒருத்தன் ஊப் ஊப்புன்னு கத்தினா நல்லாவா இருக்கும்?"

"குரங்கு வந்தா என்ன சாஹப் பண்றது?"

"அறுபத்து நாலு வேற்றுமை தெரிஞ்ச மனுஷங்க எண்பது பேர் உட்கார்ந்திருப்போம். சமாளிக்கத் தெரியாதா? லங்கூருக்கு விடுப்புன்னு எழுது. பின்கட்டுல இருக்கச் சொல்லு."

நான் போய்ச் சொன்னேன். மங்கத் ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு எலுமிச்சை மரத்தடியில் குந்தினான். "நல்லது பாபுஜி. தொண்டை கட்டியிருக்கு."

விழா நன்றாகத்தான் தொடங்கியது. நீதிபதி புத்தகத்தைக் கட்டியிருந்த நாடாவை அவிழ்த்தார், கைதட்டினோம். டாக்டர் சாஹப் ஒலிபெருக்கி முன்னால் நின்று காகிதத்தைப் பார்த்து வேற்றுமைகளை ஒவ்வொன்றாக வாசித்தார். இருபதுக்கு மேல் முன்வரிசையில் சிலருக்குக் கண் சொருகியது. நாற்பத்தொன்றுக்கு வந்தபோது அவர் குரலை உயர்த்தினார்.

"கொடுக்கல் வாங்கல்! இதைக் கொடு, அதைத் தருகிறேன் என்று பேரம் பேசிய மிருகத்தை இந்த உலகம் கண்டதுண்டா?"

அதைச் சொல்லி முடிக்கவும், ஜன்னல் வளைவிலிருந்து ஒரு கிழட்டுப் பெண்குரங்கு அவர் தோளில் இறங்கவும் சரியாக இருந்தது. ஒரு காது கிழிந்திருக்கும், படித்துறைக்காரர்கள் எல்லோருக்கும் அதைத் தெரியும். கண்ணாடியைக் கழற்றிய விதத்தில் அவசரமே இல்லை. திரும்ப வளைவில் ஏறி உட்கார்ந்து, கண்ணாடியின் ஒரு காம்பை வாயில் வைத்துக்கொண்டு காத்திருந்தது.

என்ன கேட்கிறது என்பது மதுராவில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். "மாம்பழ ஜூஸ் குடுங்க!" என்று பின்வரிசையில் குரல்கள் எழுந்தன. நான் முதலில் ஒரு வாழைப்பழத்தை எறிந்தேன். அது பிடித்தது, பார்த்தது, கீழே போட்டது. ஓடிப்போய் ஒரு சின்ன ஜூஸ் டப்பாவைக் கொண்டுவந்து நீட்டினேன். அதையும் பார்த்தது. பிறகு எங்கள் எல்லோரையும் பார்த்துக்கொண்டே கண்ணாடிக் காம்பை லேசாக வளைத்தது.

"சின்னது வேலைக்காகாது டாக்டர் சாஹப்! பெருசா குடுக்கச் சொல்லுங்க!"

"குடுக்காதே கிர்ராஜ்!" டாக்டர் சாஹப் நான் இல்லாத திசையைப் பார்த்துக் கை நீட்டினார். ஒலிபெருக்கி அவர் வாய்க்கு நேராகவே இருந்தது. "ஒரு குரங்கோட நான் பேரம் பேச மாட்டேன்!"

காம்பு இன்னும் கொஞ்சம் வளைந்தது.

"என்ன பண்ணுது? யாராவது சொல்லுங்களேன்!"

"வளைக்குது சாஹப்."

"சரி... ரெண்டு குடு."

ஹால் சிரிப்பில் அதிர்ந்தது. "மூணு கொடுத்துப் பார்க்கலாமே," என்றார் நீதிபதி, நீதிமன்றத்தில் சமரசம் பேசுகிற குரலில். அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் அவருடைய மாலை போய்விட்டது. நான் எறிந்த மூன்று பெரிய டப்பாவையும் கிழவி பிடித்துக்கொண்டது, கண்ணாடியை மட்டும் விடவில்லை. அதன் வெற்றியைப் பார்த்த குரங்குக் கூட்டம் மொத்தமும் உள்ளே இறங்கியிருந்தது. லட்டுத் தட்டு போயிற்று. புது புத்தகக் கட்டைப் பிரித்து இரண்டு குட்டிகள் பக்கம் பக்கமாக ருசி பார்த்தன. நாளைக்கென்று கவலைப்படும் எண்பது பேரும் நாற்காலிகளைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினார்கள்.

"மங்கத்! மங்கத்தைக் கூப்பிடு!"

நான் கூப்பிடப் போக வேண்டியிருக்கவில்லை. சத்தம் கேட்டு அவன் பின்கட்டு வாசலில்தான் நின்றுகொண்டிருந்தான். ஆனால் வாசற்படியைத் தாண்டவில்லை.

"இன்னைக்கு எனக்கு லீவு சாஹப்."

"லீவு ரத்து! உள்ள வா!"

"வரேன். ஆனா எதுவா வரட்டும்?"

"என்னது?"

"மங்கத்னா இந்த வாசல்படியோட சரி. முன்ஹாலுக்குள்ள லங்கூர்தான் வரலாம். நீங்க போட்ட சட்டம்தானே? அப்புறம் தீட்டு, அது இதுன்னு என் மேல வரக்கூடாது."

குரங்குகள் லட்டு தின்றுகொண்டிருந்தன. நீதிபதி தன் செருப்பை உற்றுப் பார்த்தார். சரயூ தேவி புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார், சிரிப்பா வேறெதுவுமா என்று எனக்குத் தெரியவில்லை. டாக்டர் சாஹப் மேடையின் நடுவில் இரண்டு கைகளாலும் காற்றைத் துழாவிக்கொண்டு நின்றார். அந்த நேரத்தில் அவர் நினைத்திருந்தால் ஒரு சொல் வேறு மாதிரி சொல்லியிருக்கலாம். நான் அதற்காகக் காத்திருந்தேன். மங்கத்தும் காத்திருந்தான் என்றுதான் நினைக்கிறேன்.

"லங்கூராவே வாயேன்டா!" என்றார்.

மங்கத் தலையசைத்தான். பீடியை அணைத்துக் காதில் செருகிக்கொண்டு ஹாலுக்கு நடுவே நடந்து வந்தான். நாற்காலி மேல் ஏறி, கன்னத்தை உப்பினான். கண்ணாடியை முதலில் மீட்க வேண்டும் என்று நான் கை காட்டித் தடுப்பதற்குள் சத்தம் கிளம்பிவிட்டது. அப்படி ஒரு சத்தத்தை ராணியும் போட்டதில்லை. கடைசியில் நெஞ்சைக் கிழித்துக்கொண்டு ஒரு நீண்ட ஊளை வந்தது. அது லங்கூர் குரலில் சேர்த்தியில்லை. ஒரே நொடியில் குரங்குகள் எல்லாம் ஜன்னல் வழியாகப் பாய்ந்தன. கிழவியும் பாய்ந்தது, மூன்று ஜூஸ் டப்பாவோடும் டாக்டர் சாஹபின் கண்ணாடியோடும். கூரைகள் மேல் ஏறி விஷ்ராம் படித்துறைப் பக்கம் மறைந்தது.

"அடப்பாவி, கண்ணாடி!" என்றேன்.

"விரட்டறதுதான் பாபுஜி என் வேலை," என்றான் மங்கத் மூச்சு வாங்க. "பேரம் பேசத் தெரிஞ்சவங்கதான் இங்க நிறைய இருக்காங்களே."

டாக்டர் சாஹபால் அதன் பிறகு வாசிக்க முடியவில்லை. பத்தொன்பது வருடம் எழுதிய மனிதருக்குக் காகிதம் இல்லாமல் நாற்பத்திரண்டாவது வேற்றுமை நினைவுக்கு வரவில்லை. இரண்டு முறை "மனிதன்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். நான் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். நீதிபதி போகிற போக்கில் மங்கத்துக்குக் கும்பிடு போட்டார். தனக்குக் கொடுத்த புத்தகத்தை நாற்காலியிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தார்.

மறுநாள் காலை டாக்டர் சாஹப் என்னைக் கூப்பிட்டு மங்கத்தின் பெயரை அடிக்கச் சொன்னார். காரணம் என்ன எழுதுவது என்று கேட்டேன். திமிர் என்று எழுது என்றார். லங்கூருக்குத் திமிர் உண்டா, அது மனித குணம் அல்லவா என்று கேட்க நாக்கு வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டு எழுதினேன். என் இருபத்திரண்டு வருட உத்தியோகத்தில் இப்படி எவ்வளவோ விழுங்கியிருக்கிறேன்.

மங்கத் அதற்கு முன்பே வேறு இடம் பார்த்துவிட்டான். கோவர்தன் சாலையில் உள்ள ஒரு பெரிய தர்மசாலையில் அவனைக் கூப்பிட்டிருந்தார்கள். சொல்லிக்கொண்டு போக வந்தபோது நாற்காலியை இழுத்துப் போட்டேன். அதைச் சுற்றி ஒரு தடவை பார்த்துவிட்டு நுனியில் உட்கார்ந்தான்.

"அங்க சீருடை குடுத்திருக்காங்க பாபுஜி. மேற்பார்வையாளர்னு சட்டையில தைச்சிருக்கு. மங்கத்ஜின்னு கூப்பிடறாங்க."

"நல்லதுதானே!"

"நல்லதுதான். கொஞ்சம் பயமா இருக்கு."

நாங்கள் லங்கூர் தேவை என்று விளம்பரம் கொடுத்தோம். நாற்பத்து மூன்று விண்ணப்பங்கள் வந்தன. ஏழு பேர் பட்டதாரிகள். நேர்முகத் தேர்வு முற்றத்தில் நடந்தது. புதுக் கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டியிருந்த டாக்டர் சாஹப், குரல், தாவல், முகபாவம் என்று மூன்று தலைப்பில் மதிப்பெண் போட்டார். ஹாத்ரஸிலிருந்து வந்த ஒரு வாலிபன் தத்துவத்தில் முதுகலை முடித்தவன். சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, கண்ணை இறுக மூடி, தன்னால் முடிந்தவரை கத்தினான்.

"பரவாயில்ல," என்றார் டாக்டர் சாஹப், பென்சிலைக் காதில் தேய்த்துக்கொண்டே. "இன்னும் கொஞ்சம் மிருகமா வரட்டும்."

அவன் மறுபடி கத்தினான். மதில் மேல் உட்கார்ந்திருந்த குரங்குகளில் ஒன்றுகூட அசையவில்லை.

"மன்னிக்கணும் சார்," என்றான் அவன், வியர்வையைத் துடைத்துக்கொண்டு. "இதுக்கு மேல வரமாட்டேங்குது. வேலை குடுத்தீங்கன்னா கத்துக்குவேன்."