டாலி கிளார்க் வேலை

சங்கரபாண்டியனுக்கு வேலை கிடைத்துவிட்டது என்று வெள்ளத்துரை கடையைப் பாதியில் அடைத்துவிட்டு வந்து சொன்னபோது, வீட்டில் சந்தோஷப்பட்டது அவர் ஒருவர்தான்.

1962ஆம் வருஷம். நாசரேத் பக்கம் கருப்பட்டி மண்டியில் எழுத்து வேலை பார்த்த சங்கரபாண்டியன், முதலாளி இறந்து மண்டி மூடியதும் மனைவி முத்துக்கனியோடு தூத்துக்குடிக்கு வந்திருந்தான். ஐந்து மாதமாக அவளுடைய அண்ணன் வெள்ளத்துரை வீட்டில்தான் சாப்பாடு. டைப்ரைட்டிங் சர்டிபிகேட்டை வைத்துக்கொண்டு அவன் ஏறாத ஆபீஸ் இல்லை.

கிடைத்தது கப்பல் ஏஜெண்டிடம் டாலி கிளார்க் வேலை. அப்போது கப்பல்கள் கரைக்கு வராது. சில மைல் தள்ளிக் கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கு தோணிகளில் போகும். அந்தத் தோணிகளோடு போய், கப்பலில் ஏறும் மூட்டைகளை எண்ணிக் குறிக்க வேண்டும். திங்கட்கிழமை சேரச் சொல்லியிருந்தார்கள்.

“திருச்செந்தூர் பஸ்ஸையே மூணு இடத்துல நிப்பாட்டி வாந்தி எடுத்த ஆளு நீங்க. கடல்ல எங்கன நிப்பாட்ட?” என்றாள் முத்துக்கனி, அண்ணன் போனதும்.

“உங்க அண்ணன் எத்தன பேருகிட்ட கெஞ்சி வாங்கிட்டு வந்திருக்காக. வேண்டாம்னு எப்பிடிளா சொல்ல?”

“நான் சொல்லுதேன்.”

“அது நல்லாருக்காது. வாந்தி வந்தா வந்துட்டுப் போகுது. எடுத்துக்கிட்டே எண்ணுதேன்.”

“சரி, எண்ணுங்க பாப்போம்,” என்றாள்.

அண்ணன் கடையில் வாடிக்கையாகச் சாமான் வாங்கும் ரோச் சொந்தமாக வள்ளம் வைத்திருந்தார். அவரிடம் அவளே போய்க் கேட்டாள். “பொம்பளையாள ஏத்துனா எங்க ஆளுக ஏசுவானுவளே,” என்று அவர் தலையைச் சொறிந்தார். வேலையில் சேருமுன் புருஷன் கடலில் ஒரு தடவை மூட்டை எண்ணிப் பார்க்கத்தான் என்றதும் சிரித்துவிட்டு, சனிக்கிழமை காலையில் வரச்சொன்னார்.

கரையை விட்டு ஒரு மைல் போனதும், இரண்டு தோணிகள் ஒட்டி நிற்க, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு உப்பு மூட்டை மாற்றிக்கொண்டிருந்தார்கள். ரோச் வள்ளத்தைப் பக்கத்தில் நிறுத்தினார். நின்ற வள்ளம்தான் அதிகமாக ஆடியது.

சங்கரபாண்டியன் நோட்டைப் பிரித்தான். பத்தாவது மூட்டையில் முகம் வெளுத்தது. பிறகு நான்கு முறை வாந்தி எடுத்தான். முத்துக்கனி ஒரு கையால் அவன் நெற்றியைத் தாங்கி, மறு கையால் வள்ளத்தைப் பிடித்துக்கொண்டாள். அவன் பென்சிலை மட்டும் விடவில்லை.

கடைசி மூட்டையும் போனபின், “எத்தன?” என்று கேட்டாள்.

“நாப்பத்திமூணு.”

“அறுவத்தொண்ணு.”

“தங்கச்சி சொல்லுததுதான் சரி,” என்றார் ரோச்.

கரைக்கு வந்து மணலில் அப்படியே படுத்துவிட்டான். அவள் முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்தாள். “பதினெட்டு மூட்டயக் கடல்ல போட்டுட்டியளே!” என்று சிரித்தாள். அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ‘கஷ்டப்பட்டால் ஆகிவிடும்’ என்று நினைத்திருந்தான். கஷ்டப்பட்டும் ஆகாத வேலை என்று இப்போது தெரிந்தது. அதில் ஒரு நிம்மதி இருந்தது.

அன்றைக்கே கடைக்குப் போய் மச்சானிடம் நடந்ததைச் சொன்னான்.

வெள்ளத்துரையின் முகம் சுண்டிப்போயிற்று. “நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவுககிட்டப் போய்ச் சொல்ல, மாப்ள?”

“நானே போய்ச் சொல்லுதேன் மச்சான். தப்பா எண்ணிக் கொடுத்தா ஒங்க பேருதான கெடும்.”

சொன்னபடியே போனான். மானேஜர் ஒரு பெருமூச்சோடு அவன் பேரை அடித்துவிட்டு, அடுத்த விண்ணப்பத்தை எடுத்தார்.

மூன்று நாள் வெள்ளத்துரை அவனோடு பேசவில்லை. நாலாம் நாள் மத்தியானம் இலையில் உட்கார்ந்தவர், அவன் இலையைப் பார்த்துவிட்டு, “ஏளா, மாப்ளைக்கு மோர் ஊத்து. வயிறு இன்னும் சரியாயிருக்காது,” என்றார் தங்கையிடம்.

இரண்டு மாதம் கழித்து ஓர் உப்புக் கம்பெனியில் டைப்பிஸ்ட் வேலை வந்தது. சம்பளம் குறைவுதான், ஆனால் நாற்காலி ஆடவில்லை. கம்பெனிக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன வீடு பார்த்தார்கள். குடிபோகும் அன்று டிரங்குப் பெட்டியை வெள்ளத்துரையே சுமந்து வந்தார். வீட்டைச் சுற்றிப் பார்த்தார்.

“ஒரே ஒரு சன்னல்தான் இருக்கு. வேக்காடா இருக்கும்லா? நம்ம வீட்டுல என்ன கொறைன்னு இங்கன வாரிய?”

“ஒரு கொறையுமில்லண்ணே,” என்று முத்துக்கனி அவர் தோளிலிருந்து பெட்டியை இறக்கினாள். “ஞாயித்துக்கெழம சாப்பிட வந்துருவோம்.”

“ரெண்டு வேளைக்கும் வரணும்,” என்றார் அவர்.